பாட்டிக்கு இரண்டு பிறந்தநாள்

வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுப் பாருங்கள். தொட்டுவிட்டீர்களா? வீட்டில் மூன்று வயதிலோ நான்கு வயதிலோ தம்பி, தங்கை இருந்தால் அவர்களையும் தொடச் சொல்லுங்கள். எவ்வளவு எக்கினாலும் காது எட்டாது.

பிறந்த குழந்தையின் தலை, அதன் மொத்த நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். வளர்ந்த மனிதருக்கு ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்குதான். பிறந்த பிறகு தலை மெதுவாக வளர்கிறது, கையும் காலும் வேகமாக நீள்கின்றன. ஆறு வயதை ஒட்டித்தான் கை, தலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்துக் காதைப் பிடிக்கும் அளவுக்கு வளர்கிறது.

உங்கள் தாத்தா பாட்டி காலத்தில், பள்ளிக்கூடத்தில் சேர இதுதான் நுழைவுத் தேர்வு. பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்றே கிடையாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள். காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. ஐந்து வயது முடிந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை வாத்தியாரே எழுதிக்கொள்வார். பழைய பள்ளிச் சான்றிதழ்களில் ஜூன் 1-ஆம் தேதிப் பிறந்தநாள் அத்தனை பேருக்கு இருப்பது இதனால்தான். பிறகு அந்தத் தேதி ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, ஆதார், ஓய்வூதியப் புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் ஏறிவிட்டது.

அதனால் நம்மில் பலருடைய பாட்டிக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று வாத்தியார் கொடுத்தது. இன்னொன்று உண்மையில் பிறந்த நாள். அந்த இரண்டாவது நாளைத் தேடிப் பிடிப்பது அருமையான அறிவியல் ஆராய்ச்சி. சோதனைக்கூடம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் பொறுமையும் போதும். உதவிக்கு உங்கள் ஊர் நூலகம் இருக்கிறது.

ஒரு பாட்டியைக் கற்பனை செய்துகொள்வோம். நாகப்பட்டினம் பக்கத்துக் கிராமம். பேரப்பிள்ளைகள் அவரை அப்பாயி என்று கூப்பிடுவார்கள். பள்ளிச் சான்றிதழில் அவர் பிறந்த தேதி 1.6.1954. ஆனால் கேட்டால் அவர் சொல்வது வேறு: "பெரிய புயல் அடிச்சப்ப நான் பொறந்து பதினாறு நாள்கூட ஆவலையாம். கூரை பிச்சுக்கிட்டுப் போயி, எங்கம்மா என்னைய முறத்துல வச்சு, மேல சாக்கப் போத்தித் தூக்கிக்கிட்டுப் போனாங்களாம்."

பெரியவர்கள் இப்படித்தான் காலத்தை நினைவில் வைத்திருக்கிறார்கள். தேதி மறந்துவிடும். வெள்ளமும் புயலும் பஞ்சமும் திருவிழாவும் மறப்பதில்லை. வயதை எண்ணாகக் கேட்டால் "அறுபது இருக்கும்", "எழுபத்தஞ்சு இருக்கும்" என்று உருட்டிச் சொல்வார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஆராய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 49, 51 வயதுக்காரர்களைவிட 50 வயதுக்காரர்கள் திடீரென்று மிக அதிகமாகத் தெரிவார்கள். 0-விலும் 5-லும் முடிகிற வயதுகளில் எல்லாம் இப்படி ஒரு குவியல் விழும். ஆகவே அப்பாயியிடம் "எத்தனை வயசு?" என்று கேட்பதைவிட "அப்போ என்ன நடந்துச்சு?" என்று கேட்பது நல்ல கேள்வி. அவர் சொல்லும் புயல் ஒரு தரவு. அதற்கு ஆண்டு மட்டும்தான் இல்லை.

எந்தப் புயல்? நாகைக் கரையில் பிறந்தவருக்குப் புயலுக்கா பஞ்சம்! 1952 நவம்பர் 30-இல் ஒன்று நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்தது. 1955 நவம்பர் முடிந்து டிசம்பர் பிறக்கும்போது தஞ்சை, இராமநாதபுரம் கரையை ஒன்று உலுக்கியது. 1964 டிசம்பர் 22, 23-க்கு இடைப்பட்ட இரவில் தனுஷ்கோடியை அழித்த புயல். 1977 நவம்பர் 12-இல் மறுபடி நாகப்பட்டினம். கஜா வந்த 2018 நவம்பர் உங்களில் சிலருக்கே நினைவிருக்கலாம்.

இங்கேதான் நூலகத்துக்குப் போக வேண்டும். ஆனால் நேராகப் போய் "சார், எங்க அப்பாயி எப்ப பொறந்தாங்க?" என்று கேட்டால் எந்த நூலகராலும் பதில் சொல்ல முடியாது. "சார், நம்ம மாவட்டத்துல வந்த பெரிய புயல்கள் பத்தின புத்தகம் இருக்கா?" என்று கேளுங்கள். அவர் எழுந்து அலமாரிப் பக்கம் நடப்பார். பதில் கிடைக்கக்கூடிய வடிவத்தில் கேள்வியைச் செதுக்குவது ஆராய்ச்சியில் பாதி வேலை. நூலகர்கள் அதில் கைதேர்ந்தவர்கள், கேள்வி அரைகுறையாக இருந்தாலும் எதிர்க்கேள்வி கேட்டு அதை நேராக்கித் தருவார்கள். இந்தத் துறைக்கே வழிகாட்டிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். அவர் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. எனவே கூச்சப்படாமல் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகச் சட்டம் 1948-இல் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறார்கள். அந்த நாற்காலியில் உட்கார உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கிளை நூலகத்தில் முதலில் தேட வேண்டியது மாவட்ட கெசட்டீர். ஒரு மாவட்டத்தின் ஆறு, பயிர், கோயில், சாலை, வெள்ளம், பஞ்சம் எல்லாவற்றையும் தொகுத்து அரசு வெளியிடும் தடித்த புத்தகம் அது. இன்னும் பழையது வேண்டுமானால், ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகள் இருக்கின்றன. மதுரைக்கு நெல்சன் எழுதியது 1868-இல் வந்தது, தஞ்சாவூருக்கு வெங்கசாமி ராவ் எழுதியது 1883-இல். பழைய நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். நூலகத்துக் கணினியில் உட்கார்ந்தே தேடலாம்.

பட்டியல் கையில் வந்ததும் மறுபடி அப்பாயியிடம் வாருங்கள். இப்போது கேள்வி இன்னும் கூர்மையாகும். "புயல் அடிச்சது ஐப்பசியா, கார்த்திகையா, மார்கழியா?" டிசம்பர் 22 என்றால் மார்கழி. நவம்பர் 12 என்றால் ஐப்பசி. நவம்பர் 30-உம் டிசம்பர் 1-உம் கார்த்திகை. "கார்த்திகைன்னுதான் எங்கம்மா சொல்லும்" என்று அவர் சொன்னால் 1964-உம் 1977-உம் ஒரே அடியில் விழுந்துவிடும். மிச்சம் 1952, 1955. அடுத்த கேள்வி: "அப்ப முதலமைச்சர் யாரு? ராஜாஜியா, காமராஜரா?" 1952-இல் ராஜாஜி. 1954 ஏப்ரலில் காமராஜர் வந்துவிட்டார். அப்பாயியின் அப்பா காமராஜர் காலத்துப் புயல் என்று சொல்லியிருந்தால் 1955 பக்கம் தராசு சாய்கிறது.

சாய்கிறது, அவ்வளவுதான். இன்னும் உறுதியாகவில்லை. முதலமைச்சர் பெயர் பின்னாளில் கலந்துபோயிருக்கலாம். நமக்கு இன்னொரு சாட்சி வேண்டும், முதல் சாட்சியோடு தொடர்பே இல்லாத சாட்சி. ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் 1.6.1954 என்று இருக்கிறதே, மூன்று சாட்சி ஆயிற்றே என்று தோன்றலாம். மூன்றும் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதியவை. அந்த வாத்தியார் ஊகித்தது தவறென்றால் நான்கும் சேர்ந்தே தவறு. எத்தனை காகிதம் என்று எண்ணாதீர்கள். ஒன்றையொன்று பார்த்து எழுதாத காகிதம் எத்தனை என்று எண்ணுங்கள். குடும்ப வரலாற்றில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

டிரங்குப் பெட்டியின் அடியில் அப்பாயியின் ஜாதகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜாதகத்தில் பலன் பார்ப்பது நம் வேலை இல்லை. அதில் உள்ள பன்னிரண்டு கட்டங்களை வானத்தின் வரைபடமாகப் பார்ப்போம். வானத்தில் சூரியன் போகும் பாதையைப் பன்னிரண்டாகப் பிரித்து, குழந்தை பிறந்த நேரத்தில் எந்தக் கோள் எந்தப் பகுதியில் இருந்தது என்று பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறார்கள். சூரியன் ஒரு கட்டத்தைக் கடக்க ஒரு மாதம். விருச்சிகம் என்ற கட்டத்தில் சூரியன் இருந்தால் கார்த்திகை. சந்திரன் ஏறக்குறைய இரண்டேகால் நாளில் ஒரு கட்டம் தாண்டும், அது நாளைக் காட்டிக்கொடுக்கும். லக்னம், அதாவது அப்போது கிழக்கில் எழும் கட்டம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும், அது பிறந்த வேளையைச் சொல்லும். ஆண்டைச் சொல்பவை மெதுவாக நகரும் இரண்டு கோள்கள். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றி வர ஏறத்தாழ 12 ஆண்டு, சனிக்கு ஏறத்தாழ 30 ஆண்டு.

12-க்கும் 30-க்கும் மீச்சிறு பொது மடங்கு என்ன? 60. இரண்டு கோள்களும் கிட்டத்தட்ட அதே கட்டங்களுக்குச் சேர்ந்து திரும்ப 60 ஆண்டு ஆகிறது. பிரபவ முதல் அட்சய வரை நம் தமிழ் வருடப் பெயர்களும் அறுபதுதான்.

1952 கார்த்திகையில் வியாழன் மேஷத்தில் இருந்தது. 1955 கார்த்திகையில் சிம்மத்தில். அப்பாயியின் ஜாதகத்தில் குரு, அதாவது வியாழன், சிம்மத்தில் இருந்தால், புயல் 1955-தான். மேலே ஒரு மூலையில் "மன்மத வருஷம்" என்று எழுதியிருந்தால் அதுவும் ஒத்துப்போகும், 1955-56 மன்மத வருடம். நந்தன என்றிருந்தால் 1952-53. தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுக் குழப்பம் வரும். தனுஷ்கோடிப் புயல் அடித்ததும் குரோதி வருடம், 2024-25-உம் குரோதி வருடம். ஆனால் ஒரு பாட்டியின் வயதில் யாரும் 60 ஆண்டு தவறமாட்டார்கள் என்பதால் அது பெரிய சிக்கல் இல்லை. மூதாதையர் தாது வருஷப் பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்ததாகச் சொன்னால், அது 1876-இல் தொடங்கிய பெரும் பஞ்சம் என்று தயங்காமல் எழுதிக்கொள்ளலாம்.

எல்லா வீட்டிலும் ஜாதகம் இருக்காது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேதியோடு தாய் தந்தை, ஞானப்பெற்றோர் பெயரும் இருக்கும். முஸ்லிம் குடும்பத்துக்கு ஜமாத்தின் நிக்காஹ் பதிவேடு உதவும். இரண்டும் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து எழுதாத, நல்ல சாட்சிகள்.

கடைசியாக நாளிதழ். புயலுக்கு மறுநாள் பேப்பரில் உங்கள் ஊர்ப் பெயரே இருக்கலாம். அதைத் தேட ஓர் இடம், 1896-இல் திறக்கப்பட்ட சென்னை கன்னிமாரா நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் பிரதியையும் பெறும் நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய இதழ்களைத் தேடுகிறவர்கள் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் போவார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் என்ற தனி மனிதர், மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் உட்பட ஏறத்தாழ ஒரு லட்சம் வெளியீடுகளைச் சேர்த்து வைத்தார். அதிலிருந்து பிறந்த நூலகம் அது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் இரண்டு குடும்பங்களின் பெரியவர்கள் பெயரும் ஊரும் தேதியும் அச்சாகியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

பழைய பேப்பரைத் தொடும்போது கை சுத்தமாக இருக்கட்டும். மரக்கூழில் லிக்னின் என்ற பொருள் உண்டு. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகிக் காகிதத்தை நொறுங்க வைக்கும். அதனால்தான் பல நூலகங்கள் நாளிதழ்களை நுண்படமாகவும் மின்படமாகவும் மாற்றிக் காட்டுகின்றன. வீட்டில் இருக்கும் பழைய கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள். அந்தச் சூடும் பிளாஸ்டிக்கும் திரும்ப எடுக்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். படம் எடுத்துவிட்டு, மூலத்தை உறையில் போட்டு வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பிறந்தநாளைத் தாண்டி முன்னோரைத் தேடுவது நம் ஊரில் இன்னும் கடினம். இங்கிலாந்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியல்களை நூறு ஆண்டு கழித்துத் திறந்துவிடுகிறார்கள். 1921-இல் எழுதியது 2022-இல் வெளியானது. அங்கே குடும்பப் பெயரை வைத்துத் தேடினால் கொள்ளுத்தாத்தா வரை போய்விடலாம். நம் கணக்கெடுப்பில் தனி ஆட்களின் விவரம் ரகசியம், வெளியே வராது. மேலும் நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் இனிஷியல். அது ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வேறு. ராமசாமி மகன் முத்து, முத்து மகன் ராமசாமி, அந்த ராமசாமியின் மகன் மறுபடி முத்து. எந்த முத்து என்று தெரிய ஊரும் காலமும் சேர்ந்து வேண்டும். அதற்கு வீட்டில் இருக்கும் மூலப்பத்திரம் உதவும். விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பனார், ஊர் எல்லாம் அதில் இருக்கும். செக்குபந்தி என்று நான்கு எல்லைகளையும் சொல்லும் இடத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரும் வரும். அவர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார்!

பத்திரத்தில் ஒரு குறை, ஆண்களின் பெயரே நிறைந்திருக்கும். கொள்ளுப்பாட்டியின் பெயர் என்ன என்று கேட்டால் பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. எனக்கு இது மிகவும் வருத்தமான விஷயம். அந்தப் பெயர்களைத் தேட, பரண் மேல் ஏறுங்கள், பெரியவர் ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும். பித்தளைக் குடம், வெண்கலப் பானை, எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சீர் கொடுத்த பாத்திரங்களில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பார்கள். பெண்ணின் பெயர், சில சமயம் கொடுத்தவர் பெயர், கல்யாணத் தேதி. வேறெந்தக் காகிதத்திலும் இல்லாத ஒரு பெண்ணின் பெயர் ஒரு குடத்தின் கழுத்தில் கிடைக்கலாம். வெள்ளைத் தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால் எழுத்து தாளில் எழும்.

உங்கள் உடம்புக்குள்ளும் தாய்வழிப் பதிவேடு ஒன்று இருக்கிறது. செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று தனியாகச் சிறிய டி.என்.ஏ. உண்டு, 16,569 இணை எழுத்துகள் கொண்டது. அது அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது. அம்மாவுக்கு அம்மாச்சியிடமிருந்து, அம்மாச்சிக்கு அவருடைய அம்மாவிடமிருந்து. பத்திரம் விட்டுவிட்ட வரிசை அப்படியே அங்கே தொடர்கிறது.

குடும்பம் கடல் தாண்டியிருந்தால் தேடலும் கடல் தாண்டும். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்படிப் போனவர்களின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் கப்பல் பட்டியல்களில் பதிவாகியிருக்கின்றன. அங்கே இன்று வாழும் தமிழர்கள் அந்தப் பட்டியலை வைத்துத்தான் தங்கள் ஊரைத் தேடுகிறார்கள். மலேயா, சிங்கப்பூர் போனவர்களின் செய்திகளுக்கு, 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் திறந்து வைத்திருக்கிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981-இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அவற்றில் எத்தனையோ ஊர்களின் கதைகள் இருந்தன. 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்ற மின் நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகச் சேர்த்து வருகிறார்கள்.

தேடும்போது ஒன்றை மதியுங்கள். சில கேள்விகளுக்கு அப்பாயி பேசாமல் இருந்துவிடுவார். இறந்துபோன குழந்தை, பிரிந்துபோன உறவு என்று மனசை அழுத்தும் விஷயங்கள் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. அங்கே நிறுத்திவிடுங்கள். அவராகச் சொல்லும் நாளில் எழுதிக்கொள்ளலாம்.

நோட்டில் ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில், யார் சொன்னது, எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், எந்த நூலகம் என்று குறியுங்கள். பிறகு ஒரு படம் வரையுங்கள். கீழே நீங்கள். மேலே அம்மா அப்பா, 2 பேர். அதற்கு மேல் 4, அதற்கு மேல் 8. இப்படியே இரட்டித்துப் போனால் பத்தாம் தலைமுறையில் 1,024 இடம், இருபதாம் தலைமுறையில் பத்து லட்சத்துக்கு மேல், முப்பதாம் தலைமுறையில் நூறு கோடிக்கு மேல்! தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் அது 750 ஆண்டுக்கு முன். அப்போது உலகம் முழுவதிலும் அதில் பாதி அளவு மக்கள்கூட இல்லை. அப்படியென்றால் ஒரே ஆள் உங்கள் படத்தில் பல இடங்களில் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் இதைப் பார்க்க 750 ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டிய வீட்டில், பிள்ளைக்கு 8 கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி இருக்க வேண்டிய இடத்தில் 6 பேர்தான் இருப்பார்கள்.

உங்கள் படத்தில் அந்த எட்டுக் கட்டங்களையும் நிரப்பிப் பாருங்கள். ஒரே பெயர் இரண்டு கட்டத்தில் வந்தால், அது ஒரே ஆளா, ஒரே பெயர் கொண்ட இரண்டு பேரா என்று அப்பாயியிடம் கேளுங்கள். பிறகு பத்திரத்தில் பாருங்கள்.